குருவிட்டச் சந்தியில் ஒரு காலைப்பொழுது

கொழும்பிலிருந்து இரத்தினபுரி செல்வோர் அவிசாவளையையும் எஹெலியகொடையையும் கடந்தபின் குருவிட்டவை அடைவர். பஸ்ஸின் யன்னலூடாக இரண்டு நிமிடம் நோக்கிவிட்டு மறந்துபோகும் ஊர்களுள் இதுவும் ஒன்று. யானும் பல்லாண்டுகள் அவ்வாறே கடந்து சென்றவன். அண்மையில் ஒரு நாள், விடியற்பொழுதில் அச்சந்தியில் ஒரு மணிநேரம் காத்து நிற்க நேர்ந்தது. அப்பொழுதுதான் அவ்வூரைக் கண்டேன் என்று சொல்ல வேண்டும்.

பெருவீதியிலிருந்து எரத்னை நோக்கி ஒரு கிளைவீதி பிரிந்து செல்கிறது. சிவனொளிபாத மலைக்குச் செல்லும் நெடிய, கடினமான பாதைகளுள் அதுவும் ஒன்று. மார்கழி முதல் வைகாசி வரையிலான யாத்திரைக் காலத்தில், பௌத்தரும் இந்துக்களும் இச்சந்தியில் மூட்டையை இறக்கி வைத்துத் தேநீர் அருந்திச் செல்வர். பாதம் யாருடையது என்ற வினா அங்கே எழுவதில்லை. மழை வருமா என்பதே அனைவரதும் கவலை.

இவ்வூரின் பழைமை வியப்புக்குரியது. அண்மையிலுள்ள பத்ததொம்ப குகையில், முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மாந்தரின் எலும்புகளும் நுண்ணிய கற்கருவிகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள அக்குகையிற் கடற்சிப்பிகளும் கிடைத்தன. அக்காலத்திலேயே இங்கு வழிப்போக்கு இருந்தது போலும்! போர்த்துக்கேயர் காலத்தில் புத்தபிரானின் புனித தந்தத்தைக் குரக்கன் அரைக்கும் கல்லினுள் மறைத்துக் காத்ததாக ஐதிகம் கூறும் தெல்கமுவ விகாரையும் அருகிலேயே உள்ளது.

நம்மவர் வரலாறு இதற்குப் பிற்பட்டது. தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்கு ஏற்றும் பொருட்டுக் களனிவெளிப் புகையிரதப் பாதை 1912ஆம் ஆண்டில் இரத்தினபுரி வரை நீண்டது. அந்தச் சிறிய இரயில் குருவிட்டவிலும் நின்றது. 1976ஆம் ஆண்டில் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி மூடப்பட்டது. இப்பொழுது பஸ்களே கதி.

அன்று எரத்னைப் பக்கத்துப் பஸ்ஸிலிருந்து தோட்டத்து மாணவி ஒருத்தி ஓடி வந்திறங்கினாள். இரத்தினபுரி பஸ் புறப்படும் தறுவாயில் இருந்தது. தேநீர்க்கடை முதலாளி, சிங்களவர், வீதிக்கு இறங்கிக் கையை உயர்த்தி அதனை நிறுத்தினார். "துவ, ஓடி வா!" என்று அழைத்தார். அவளோடு யானும் ஏறினேன்.

"தினமும் இப்படித்தானா, பிள்ளை?" என்று வினவினேன்.

"ஓம் சேர். எங்கட பஸ் பிந்தினா முதலாளி மாமா இந்த பஸ்ஸை மறிச்சு வைப்பார். இதை விட்டா முதல் இரண்டு பாடமும் போயிடும்" என்றாள். உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கிறாளாம். கொழும்பில் வேலைக்கு அனுப்பும்படி சித்தப்பா வற்புறுத்துகிறாராம். "இன்னும் ஒரு வருஷம் பாப்பம்னு அப்பா சொல்லியிருக்கார்" என்று தலைகுனிந்து சொன்னாள்.

அவளுடைய பாட்டனார் இருவருள் மூத்தவர், 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி குடும்பத்தோடு இந்தியா சென்றுவிட்டார். இளையவர் தோட்டத்திலேயே தங்கினார். பிரஜாவுரிமைக்காக அவர் காத்திருந்த ஆண்டுகள் பல. அவர் பேர்த்தியோ இன்று முதலிரண்டு பாடங்களுக்காக ஓடுகிறாள். காத்திருப்பு மாறவில்லை, அதன் நோக்கம் மாறியிருக்கிறது. அதுவே நமக்கு ஆறுதல்.

ஆயினும் ஒரு பெண்ணின் கல்வி, ஒரு கடைக்காரரின் நல்லுள்ளத்தையும் உயர்த்திய கையையும் நம்பியிருப்பது போதுமா? தோட்டப் புறங்களிலேயே தமிழ்மொழி மூல விஞ்ஞான வகுப்புகள் பெருக வேண்டும். நேரம் தவறாத பஸ்ஸும் வேண்டும். அவை வரும் வரை அந்த முதலாளிக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நேயர்களே, அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது குருவிட்டவில் இறங்கி ஒரு கோப்பை தேநீர் அருந்துங்கள். வீதியோரத்தில் புத்தகப் பையுடன் ஒரு பிள்ளை ஓடிவரக் கண்டால், பஸ்ஸைச் சற்று நிறுத்தச் சொல்லுங்கள்.