பட்டன்ஸ் எந்த வீட்டுப் பிள்ளை?

சார்ல் பெரோ 1697-இல் பாரிஸில் வெளியிட்ட சிண்டரெல்லா கதையில் பூசணிக்காய் இருக்கிறது, குதிரைகளாகும் ஆறு சுண்டெலிகள் இருக்கின்றன, சீருடைப் பணியாட்களாக மாறும் ஆறு பல்லிகள் இருக்கின்றன. பட்டன்ஸ் இல்லை. ஆனால் இங்கிலாந்தில் எந்த ஊர்ப் பொதுக்கூடத்தில் சிண்டரெல்லா பாண்டோமைம் போட்டாலும் இளவரசனுக்கு முன்பே அவன் மேடைக்கு வந்துவிடுகிறான். நெஞ்சு நிறையப் பித்தளைப் பொத்தான்கள் தைத்த குட்டைச் சட்டை, தாடைக்கு அடியில் வாரால் கட்டிய வட்டத் தொப்பி. சிண்டரெல்லாவின் அப்பா வீட்டில் எடுபிடி வேலை. அவள்மேல் அவனுக்கு உயிர். அவளுக்கோ அவன் உடன்பிறப்பு மாதிரி. கடைசிக் காட்சியில் இளவரசன் அவள் கையைப் பிடிக்கும்போது இவன் ஓரமாக நின்று சிரிக்கிறான். கூடத்திலுள்ள குழந்தைகள் எல்லாரும் இவன் பக்கம்தான்.

நான் அவனைக் கண்டது தென்மேற்கு இங்கிலாந்தில் நாங்கள் குடியிருக்கும் சிற்றூரின் நாடகக் குழுவில். பள்ளிச் சமையல்கூடத்தில் வேலை பார்ப்பவர், ஓய்வுபெற்ற தபால்காரர், பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருப்பவர் என்று முப்பது பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. கிறிஸ்துமஸ் வாரங்களைத் தொழில்முறை அரங்குகள் பிடித்துக்கொள்வதால், இப்படிப்பட்ட குழுக்கள் பல ஜனவரி, பிப்ரவரியில்தான் மேடையேறுகின்றன. வெளியே நாலரை மணிக்கே இருட்டிவிடும். உள்ளே ஈரக் கோட்டுகளின் வாசமும் குழந்தைகளின் கூச்சலுமாக இருக்கும்.

பாண்டோமைம் என்றதும் ஊமை நாடகம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு அந்தக் கூச்சல் பெரிய அதிர்ச்சி. வில்லன் வந்தால் சீறவேண்டும். கதாநாயகனுக்குப் பின்னால் பேய் வந்தால் ‘பின்னால பாரு!’ என்று கத்தவேண்டும். மேடையில் ஒருவர் ‘இல்லை’ என்றால் கூட்டம் ‘ஆமாம்’ என்று மல்லுக்கு நிற்கவேண்டும். ராஜபார்ட் வேஷத்தைப் பெண் கட்டும் வழக்கம் உண்டு. அவலட்சண அக்காமார் இருவரும் அநேகமாக ஆண்கள். ஒத்திகை முடியும்வரை நாடகத்தின் கடைசி இரண்டு வரிகளை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். முதல் காட்சியன்றுதான் அவை ஒலிக்கும். முன்பே சொன்னால் ஆகாது என்பது நம்பிக்கை.

பட்டன்ஸ் எங்கிருந்து வந்தான் என்று குழுவில் கேட்டுப் பார்த்தேன். உடை தைக்கும் அம்மாள் ஊசியை வாயிலிருந்து எடுக்காமலே, ‘அவன் எப்போதும் உண்டே’ என்றார். மற்றவர்கள் சொன்னதும் அதுதான். கதையிலேயே இல்லாத ஒருவன் எல்லாருக்கும் கதையின் உயிராகத் தோன்றுவது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அதனால் தேடத் தொடங்கினேன்.

முதலில் இந்த ஆட்டத்தின் வேரைப் பார்க்கவேண்டியிருந்தது. இத்தாலியின் காமெடியா தெல்லார்தே கோமாளிகள் பிரான்ஸ் வழியாக லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் ரிச் என்ற அரங்க முதலாளி தானே அந்தக் கோமாளிகளில் ஒருவனான ஹார்லிக்வினின் வேஷம் கட்டி, வாய் திறக்காமல் ஆடிக் கூட்டம் சேர்த்தார். 1737-இல் வந்த உரிமச் சட்டம், வசன நாடகம் போடும் உரிமையை லண்டனில் அரச பட்டயம் பெற்ற அரங்குகளோடு நிறுத்தியது. மற்றவர்களுக்கு ஆட்டமும் பாட்டும் சைகையுமே மிஞ்சின. அந்தக் கட்டு 1843-இல் அவிழ்ந்தது. வசனமும் சிலேடையும் மடை திறந்ததுபோல் மேடைக்குள் வந்தன. இன்று கூடத்தில் கேட்கும் இரைச்சலுக்கு அந்தச் சட்டத் திருத்தமும் ஒரு காரணம்.

அதே 1737 சட்டத்தால் நமக்கு ஒரு நன்மையும் கிடைத்திருக்கிறது. புதிய நாடகப் பிரதிகளை அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லினின் ஒப்புதலுக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். 1968 வரை இந்தத் தணிக்கை நீடித்தது. அப்படிச் சேர்ந்த பிரதிகளில் 1824-க்குப் பிற்பட்டவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. எத்தனையோ வேடிக்கை நாடகங்கள் அழியாமல் தப்பியது அந்தக் கட்டுகளில்தான்.

சிண்டரெல்லாவின் தடத்தைப் பிடித்துப் போனால் முதலில் எதிர்ப்படுவது 1804, ட்ரூரி லேன் அரங்கம். அங்கே அக்காமாரின் வேலைக்காரனாக பெட்ரோ என்றொரு பாத்திரம். ஆடியவர் ஜோசப் கிரிமால்டி, பின்னாளில் இங்கிலாந்துக் கோமாளிகளுக்கெல்லாம் ஆதிகுரு. அவருடைய செல்லப் பெயரான ஜோயி, கோமாளி என்பதற்கே பொதுப்பெயர் ஆயிற்று. அதே கிரிமால்டி 1820-இல் கோவென்ட் கார்டனில் போட்ட சிண்டரெல்லாவில் சிண்டரெல்லா வீட்டுப் பிரபுவின் மனைவியாகச் சேலைத்தலைப்புக்குப் பதில் கவுன் தூக்கிக்கொண்டு வந்தார். ஆண் கட்டும் பெண்வேஷம் இந்தக் கதைக்குள் அப்போதே இருந்தது. ஆக, வீட்டில் ஒரு வேடிக்கையான வேலைக்காரன் என்ற இடம் 1804-லேயே உருவாகிவிட்டது. ஆனால் பெட்ரோ பட்டன்ஸ் ஆகவில்லை.

அடுத்த தடம் ரோம். ரொசினியின் ‘லா செனெரென்தொலா’ ஆபரா 1817 ஜனவரியில் அரங்கேறியது. அதில் தேவதையும் இல்லை, கண்ணாடிச் செருப்பும் இல்லை. செருப்புக்குப் பதில் கைவளை. இளவரசனும் அவனுடைய பணியாள் தந்தீனியும் உடை மாற்றிக்கொள்வதில்தான் கதை நகர்கிறது. அந்தத் தந்தீனி ஆங்கில பாண்டோமைமில் டாண்டினியாக இன்றும் இருக்கிறான். எங்கள் ஊர்க் கூடத்தில் அவனைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் ரொசினியின் ஆளுக்குத்தான் கைதட்டுகிறார்கள்.

தந்தீனியை லண்டன் பாண்டோமைமுக்குள் நிலைநிறுத்தியவர்தான் நான் தேடிய ஆள்: ஹென்றி ஜேம்ஸ் பைரன். இவர் எழுதிய சிண்டரெல்லா கேலி நாடகம் 1860 கிறிஸ்துமஸையொட்டி லண்டன் ஸ்ட்ராண்ட் அரங்கில் ஏறியது. அதன் அச்சுப் பிரதி, தாமஸ் ஹெய்ல்ஸ் லேசி வெளியிட்ட மலிவுப் பதிப்பு வரிசையில் கிடைக்கிறது. பாத்திரப் பட்டியலை விரலால் தொட்டுக்கொண்டே இறங்கினேன். பிரபுவின் வீட்டு ஏவல் பையன், பெயர் பட்டோனி. இவனேதான்!

அந்தக் காலத்து வசதியான வீடுகளில் வாசல் மணிக்கு ஓடவும் கடிதம் கொண்டுபோகவும் ஒரு சிறுவன் இருப்பான். இறுக்கமான சட்டையில் நெருக்கமாகப் பொத்தான்கள் தைத்த சீருடை. ஊரார் அவனைப் பட்டன்ஸ் என்றே கூப்பிடுவார்கள். பைரன் அந்தச் சிறுவனுக்கு டாண்டினியின் சாயலில் ஒரு இத்தாலிய வாலை ஒட்டி மேடைக்கு ஏற்றினார். காலப்போக்கில் வால் உதிர்ந்தது. தெருவில் வழங்கிய பெயரே நிலைத்தது. பாட்டிக் கதைகளின் காட்டிலிருந்து வந்தவன் அல்ல அவன். கூலிக்கு மணிச்சத்தம் கேட்டு ஓடிக் கதவு திறந்த லண்டன் பையன்களின் வம்சம்.

பைரனின் பட்டோனி சிறிய வேஷம். அவனைப் பெரியவன் ஆக்கியவர்கள் பின்னால் வந்த நடிகர்கள். சிண்டரெல்லா மேலான கைகூடாத அன்பும் அவர்கள் கொடுத்ததுதான். இதில் சம்பளம் வாங்காத நடிகர்களுக்கும் பங்கு உண்டு என்பதே என் துணிபு. அந்த மலிவுப் பதிப்புகளில் உடைக் குறிப்பு, அரங்கப் பொருள் பட்டியல் எல்லாம் அச்சாகியிருக்கும். ஊர்க் குழு ஒன்று அதை வாங்கி அப்படியே மேடையேற்றலாம். லேசியின் வியாபாரம் 1870-களில் சாமுவேல் பிரெஞ்ச் கைக்கு மாறி, இன்றுவரை அமெச்சூர் குழுக்களுக்குப் பிரதி கொடுத்துவருகிறது. பைரனும் அந்த உலகத்துக்கு வெளியே நின்றவர் அல்லர். 1878 பிப்ரவரியில் லண்டன் கெயிட்டி அரங்கில் ஒரு அமெச்சூர் பாண்டோமைம் நடந்தது. ‘நாற்பது திருடர்கள்’ கதை. எழுதிய நால்வரில் பைரன் ஒருவர், டபிள்யூ. எஸ். கில்பர்ட் இன்னொருவர். ஆபரா எழுதிப் புகழ்பெற்ற அந்தக் கில்பர்ட்டே, நாற்பது வயது தாண்டியபின் ஹார்லிக்வின் உடை மாட்டிக்கொண்டு ஆடினார். சம்பளமில்லாத இந்த மேடையில் அரச குடும்பமும் ஏறியது: 1941-இல், போர்க்காலத்தில், வின்சர் கோட்டையில் இளவரசிகள் எலிசபெத்தும் மார்கரெட்டும் நடித்த முதல் பாண்டோமைமும் சிண்டரெல்லாதான். ராஜபார்ட் எலிசபெத்.

எங்கள் குழுவின் பட்டன்ஸ் பகலில் பேருந்து ஓட்டுகிறார். கூடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அவருடைய வண்டியில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். சமையலறைக் காட்சியில் சிண்டரெல்லா விருந்துக்குப் போகமுடியாமல் அழுகிறாள். அவர் துணிக்கூடையைக் கவிழ்த்து அவளை உட்காரவைத்தார். முன்னால் துடைப்பத்தைக் குதிரையாக நிறுத்தினார். தேநீர்க்கோப்பை மூடும் பூத்துணியை அவள் தலையில் கிரீடமாக வைத்து, ‘அரண்மனைக்கு வந்தாச்சு, இறங்குங்க மகாராணி’ என்றார். அவள் சிரித்தாள். அதற்குள் திரைக்குப் பின்னால் பூசணி ரதத்தின் சக்கரம் சிக்கிக்கொண்டது. தள்ளுவண்டிச் சக்கரத்தில் கம்பி வளைத்துக் காகிதக் கூழ் பூசிய ரதம் அது. தட்டும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவர் திரைக்கு முன்னால் வந்து நின்று, வரிசை வரிசையாகப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து, யார் எந்த நிறுத்தத்தில் ஏறுவார்கள் என்று அவர்களையே சொல்லவைத்தார். பெயர் வராத பிள்ளைகள் எழுந்து நின்று தங்கள் பெயரைக் கத்தினார்கள். ரதம் தயாரானபோது கூட்டம் அவரை விடவில்லை.

அந்தச் சில நிமிடங்களில் எனக்கு ஒன்று விளங்கியது. காட்சி மாறும் நேரத்தைப் பேசிக் கடத்தவும், மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே நின்று உறவாடவும் இந்த ஆட்டத்துக்கு ஒருவன் வேண்டும். இளவரசனால் அது முடியாது. கதவு திறக்கும் பையனால் முடியும். தொழில்முறை அரங்கில் நட்சத்திரம் செய்யும் அந்த வேலையை, ஊர்க் கூடத்தில் ஊருக்குத் தெரிந்தவர் செய்யும்போது பாத்திரம் இன்னும் பொருந்துகிறது. அதனால்தான் இன்றும் பல பிரதிகளில் உள்ளூர்ப் பெயர்களையும் உள்ளூர் வேடிக்கைகளையும் சேர்த்துக்கொள்ள இடம் விட்டே எழுதுகிறார்கள்.

வரும் ஜனவரிக்குக் குழு எடுத்திருப்பது அலாவுதீன். அதிலும் பைரன் இருக்கிறார். அலாவுதீனின் அம்மாவுக்கு ட்வாங்கி என்று ஒரு மலிவான சீனத் தேயிலையின் பெயரை 1861-இல் சூட்டியவர் அவர்தான். ஆனால் அந்தக் கதைக்கு அவருக்கும் மூத்த ஒருவர் இருக்கிறார்: அலெப்போவிலிருந்து பாரிஸுக்கு வந்து, 1709-இல், அரபுக் கதைகளைப் பிரெஞ்சில் தந்த அந்துவான் கலானிடம் அதை வாய்மொழியாகச் சொன்ன ஹன்னா தியாப். நிகழ்ச்சிக் கையேட்டில் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித்தரச் சொல்லியிருக்கிறார்கள்.