400 ரிங்கிட்டில் முதல் தொலைநோக்கி

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், பையனுக்கு ஒரு தொலைநோக்கி வாங்கித் தரலாமென்று இருக்கிறோம். எது நல்லது?" எங்கள் பள்ளியின் அறிவியல் கழகத்திற்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் 400 ரிங்கிட் ஒதுக்கியபோது கூட்டத்திலும் இதே கேள்வி எழுந்தது. அன்று பேசியவற்றையும், அதன்பின் வகுப்பில் கண்டவற்றையும் எழுதி வைத்தால் பிற பள்ளிகளுக்கும் பயன்படும் என எண்ணுகிறேன்.

சங்க உறுப்பினர் பலரின் விருப்பம், முக்காலியில் நிற்கும் நீண்ட குழாய்த் தொலைநோக்கியாக இருந்தது. பெட்டியின் மேல் "525 மடங்கு" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதன் முன்கண்ணாடியின் விட்டமோ 60 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை; ஆகவே அக்குழாய் பயனுள்ள வகையில் காட்டக்கூடியது ஏறத்தாழ 120 மடங்குதான். அதற்கு மேல் உருவம் பெரிதாகுமே தவிர, தெளிவாகாது. மங்கலும் கலங்கலுமே மிஞ்சும். போதாக்குறைக்கு அந்த மெல்லிய முக்காலியை முப்பது பிள்ளைகள் தொடுவார்கள். ஒரு விரல் பட்டாலே நிலா பார்வையை விட்டு ஓடிவிடும்.

அதற்குப் பதிலாக இரண்டு பைனாகுலர்கள் வாங்கலாம் என்றேன். சிலர் முகம் வாடியது உண்மை. பைனாகுலர் என்றால் பறவை பார்க்க மட்டுமே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கலீலியோ 1610ஆம் ஆண்டு சனவரியில் வியாழனின் துணைக்கோள்களைக் கண்டது சுமார் 20 மடங்கு பெரிதாக்கும் குழாயில். நல்ல 10 மடங்குப் பைனாகுலரைச் சுவரில் சாய்ந்துகொண்டு அசையாமல் பிடித்தால் அத்துணைக்கோள்களை நாமும் காணலாம். நம் கார்த்திகை விண்மீன் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கண்ணுக்கு ஆறு, பைனாகுலரில் பல பத்து. ஜார்ஜ் டவுன் விளக்கொளியிலும் அது ஏமாற்றுவதில்லை. (திருக்கார்த்திகை நாளன்று மட்டும் பார்க்க முயலாதீர்கள்; முழுநிலவு அதன் பக்கத்திலேயே நின்று ஒளியால் மறைத்துவிடும். பத்து நாள் பொறுங்கள்.)

இனி அந்த எண்களைப் பற்றி. 8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். 42ஐ எட்டால் வகுத்தால் 5.25 வரும். அதுவே கண்ணுக்குள் புகும் ஒளிவட்டத்தின் அளவு, மில்லிமீட்டரில். சட்டைப்பையில் அடங்கும் 8×21 வகையில் அது 2.6 மட்டுமே. நண்பகல் வெயிலில் கண்மணி சுருங்கியிருக்கும். அப்போது இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. கடையில் ஏமாறுவது அங்கேதான். தண்ணீர்மலையில் தாவரவியல் பூங்காவின் மரநிழலில், மாலை ஆறரை மணிக்குப் பிறகு பார்த்தால் சிறியது இருண்டுபோகும். பெரியது இன்னும் சிறிது நேரம் காட்டிக்கொண்டிருக்கும். மடங்கு கூடினால் கையின் நடுக்கமும் அதே மடங்கு கூடும் என்பதையும் மறத்தல் ஆகாது. பிள்ளைகளுக்கு எட்டு போதும்.

இவ்விடத்தில் ஒரு கிளைச்செய்தி. நியூசிலாந்தில் வாழும் உறவுக்காரத் தம்பி ஒருவர், பொழுதுபோக்காக இலக்குச் சுடுபவர், தம் முதல் துப்பாக்கிக்குக் குறைந்த விலையில் எந்தத் தொலைநோக்கியைப் பொருத்தலாம் என்று என்னிடம் கேட்டார். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கிக்கே உரிமம் வேண்டும்; ஆதலால் நம் வீடுகளில் இப்பேச்சு எழுவதில்லை. ஆயினும் அவர் கேள்வியும் நம் கேள்வியும் ஒன்றே. 24 மடங்கு வரை போகும் மலிவான ஒன்றா, 9 மடங்கோடு நிற்கும் நல்ல கண்ணாடியா? நூறு மீட்டர் இலக்குக்கு இரண்டாவதே போதும் என்றேன். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. துப்பாக்கி பின்னுதைக்கும்; ஆகவே அதன் கண்ணாடி, கண்ணிலிருந்து எட்டு ஒன்பது சென்டிமீட்டர் தள்ளியிருந்தே முழு உருவத்தைக் காட்ட வேண்டும். இல்லையேல் புருவம் கிழியும். பைனாகுலருக்கு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளி போதும். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். பெரிதாக்கும் தொலைநோக்கி எதையும் பொருத்த விதி இடந்தராது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2012இல் இலண்டனில் எட்டு மாதக் கருவோடு நம் நூர் சூர்யானி களமிறங்கியதும் அப்போட்டியில்தான். "எத்தனை மடங்கு?" என்று முதலில் கேட்பவர்களிடம் இதை நான் சொல்வதுண்டு.

கடைக்குப் போனால் என்ன பார்ப்பது? முதலாவதாக, முன்கண்ணாடி மாணிக்கம்போல் சிவப்பாக மின்னினால் வைத்துவிட்டு வாருங்கள். அப்பூச்சு சிவப்பொளியைத் திருப்பி அனுப்புவதால் உலகமே பச்சை பூத்ததுபோல் தெரியும். மடங்கைக் கூட்டிக் குறைக்கும் மலிவான வகையும் வேண்டா. பிறகு கடைவாசலுக்கு வந்து கொம்தார் கோபுரத்தின் விளிம்பை நோக்குங்கள். கோடு இரண்டாகத் தெரிந்தாலோ, கண்ணை இழுப்பதுபோல் இருந்தாலோ, இரு குழாய்களும் ஒருமுகமாக இல்லை என்று பொருள்; அரைமணி நேரத்தில் தலைவலி வரும். குறைந்த விலையில் வாங்குவோருக்கு, தோள் அகன்ற பழைய பாணி 'போரோ' வகையே சிறந்தது என்பது என் துணிபு. நேர்க்குழாய் வகைக்கு முப்பட்டகங்களை மிக நுணுக்கமாகச் செதுக்க வேண்டும். அந்த நுணுக்கம் 200 ரிங்கிட்டில் கிடைக்காது.

இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒன்றைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பிள்ளைகளின் இரு கண்மணிகளுக்கிடையே உள்ள தூரம் நம்முடையதைவிடக் குறைவு. பல பைனாகுலர்கள் முழுவதும் மடக்கிய பிறகும் ஏழு வயதுப் பிள்ளையின் முகத்திற்குப் பொருந்துவதில்லை. அப்பிள்ளை ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "தெரியுது டீச்சர்" என்று நம்மை மகிழ்விக்கும். ஆகவே யாருக்கு வாங்குகிறோமோ அந்தப் பிள்ளையையே அழைத்துச் செல்லுங்கள். மூக்குக்கண்ணாடி அணிந்த பிள்ளையெனில், கண்ணுறையை மடக்கிய பின் வட்டம் முழுமையாகத் தெரிகிறதா என்றும் கேளுங்கள்.

நாங்கள் வாங்கியவை இரண்டு. ஒன்று 8×40, மற்றொன்று எடை குறைந்த 8×30. முதல் வாரம் பறவையும் இல்லை, நிலாவும் இல்லை. சீராக்கக் கற்பது மட்டுமே. வலக்குழாயை மூடி, இடக்கண்ணால் நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்க வேண்டும். பிறகு இடக்குழாயை மூடி, வலக்கண்ணுக்கு அருகிலுள்ள வளையத்தைத் திருப்ப வேண்டும். ஒவ்வொருவர் கண்ணுக்கும் அவ்வளையம் நிற்கும் இடம் சற்றே வேறுபடும். பிள்ளைகள் தத்தம் இடத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிக்கொண்டே இருந்தான். "எனக்கு மட்டும் வரவே இல்லை டீச்சர்." கருவியில் பழுதோ என்று மற்றதைக் கொடுத்தேன், அதிலும் அப்படியே. இடக்கண்ணால் திடலுக்கு அப்பாலிருந்த பெயர்ப்பலகையை அவன் தடையின்றிப் படித்தான். வலக்கண்ணுக்கு அது வெறும் வெள்ளைத் திட்டு. வகுப்பில் அவன் மந்தமானவன் அல்லன். கரும்பலகையைப் பார்ப்பதில் குறை சொன்னவனும் அல்லன். ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றக் கண்ணின் குறையைப் பிள்ளை அறியாது. அதற்கு உலகம் பிறந்ததுமுதல் அப்படித்தான்.

அன்று மாலையே அவன் தாயாரிடம் பேசினேன். "நல்லாத்தானே டிவி பாக்குறான்" என்று முதலில் தயங்கினார். பிறகு அழைத்துச் சென்றார். கண் மருத்துவர் அதைச் சோம்பல் கண் என்றார். இரு கண்களின் ஆற்றலில் பெரிய வேறுபாடு இருந்தால், மூளை தெளிவற்ற கண்ணைப் புறக்கணித்துவிடுமாம். இளவயதில் கண்டால் மூக்குக்கண்ணாடியாலும், நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைப்பதாலும் தேற்றலாம். வயது ஏற ஏறப் பயன் குறையும். அவனுக்கு ஒன்பது வயது. தாமதந்தான், ஆனாலும் முயலலாம் என்று தொடங்கியிருக்கிறார்கள். பைனாகுலர் கண் பரிசோதனைக் கருவி அன்று. பிள்ளைகள் பள்ளியில் சேருமுன் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே பரிசோதிப்பதே முறை. இதை ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்லி வருகிறேன்.

பினாங்கின் ஈரக்காற்றைப் பற்றியும் ஒரு சொல். அலமாரியில் தோலுறைக்குள் பூட்டி வைத்தால் சில மாதங்களில் கண்ணாடிக்குள் சிலந்திவலைபோல் பூஞ்சணம் படரும். படர்ந்தால் அது பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும். அரிசியில் புதைத்து வைப்பவர்களும் உண்டு. அதன் மாவு கண்ணாடியில் படியும்.

சூரியனைப் பற்றி மட்டும் கண்டிப்பு. 2019 டிசம்பர் 26ஆம் நாள் கிரகணத்தின்போது பினாங்கிலும் பெரும்பகுதி மறைந்தது. அத்தகைய நாளில் பைனாகுலரோடு வெளியே செல்லும் பிள்ளைக்குக் கண்ணிமைக்கும் நேரமே போதும், விழித்திரை பொசுங்குவதற்கு. கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு பைனாகுலரில் பார்ப்பதும் தீங்கே. குவிந்த ஒளி அதையும் துளைக்கும். வடிகட்டி முன்கண்ணாடிகள் இரண்டின் மேலும் இருக்க வேண்டும், அதுவும் சூரியனுக்கென்றே செய்ததாக. எங்கள் பள்ளியில் அதையும் அனுமதிப்பதில்லை. அட்டையில் துளையிட்டுத் தரையில் விழும் பிறையைப் பார்க்கிறோம்.

இவ்வாண்டும் சங்கத்தில் முக்காலித் தொலைநோக்கிப் பேச்சு எழுந்துள்ளது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் முகத்திற்குப் பொருந்தும் சிறிய பைனாகுலர் ஒன்றை முதலில் கேட்டிருக்கிறேன்.