பிள்ளைக்காசு

பெற்றோர் பிரிந்த வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு ஒரு சொல் மிகச் சீக்கிரம் பழகிவிடும். எங்கள் வீட்டில் அது 'சைல்ட் சப்போர்ட்'. இலங்கை நீதிமன்றத் தமிழில் இதற்குத் தாபரிப்புப் பணம் என்று பெயர். என்னுடைய அம்மம்மா இரண்டையும் விட்டுவிட்டுப் 'பிள்ளைக்காசு' என்பா. எனக்குப் பிடித்தது அம்மம்மாவின் சொல்தான். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

அம்மாவும் அப்பாவும் பிரிந்தபோது எனக்கு வயது 12. அம்மாவும் நானும் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் இருந்தோம். அப்பா மாதாமாதம் இவ்வளவு கட்டவேண்டும் என்று கோட்டில் தீர்ப்பு இருந்தது. சில மாதம் காசு வரும், சில மாதம் வராது. வராத மாதங்களில் நான்தான் தபால்காரன்.

"அப்பாட்ட ஒருக்காக் கேள், இந்த மாசம் போட்டவரோ எண்டு."

சனிக்கிழமை அப்பாவின் காரில் ஏறியதும் கேட்பேன். "காசு என்ன மரத்திலயோ காய்க்குது எண்டு உன்ர அம்மாட்டக் கேள்" என்பார். அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா? "அடுத்த கிழமை போடுறாராம்" என்று மாற்றிச் சொல்வேன். இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோரும் பெற்றோருக்கு ஆங்கிலக் கடிதங்களை மொழிபெயர்த்திருப்போம். நான் தமிழிலிருந்து தமிழுக்கும் மொழிபெயர்த்தேன்.

அந்தக் காலத்தில் எனக்கு அப்பாதான் நல்லவர். பிளேஸ்டேஷன் வாங்கித் தந்தவர் அவர், நைக்கி சப்பாத்து வாங்கித் தந்தவர் அவர். அம்மா எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்பா. வாடகை, மின்சாரம், குளிருக்கு ஜாக்கெட், மூக்குக்கண்ணாடி, பஸ் காசு இதெல்லாம் அம்மாவின் கணக்கு. ஜாக்கெட்டுக்கு எந்தப் பிள்ளை நன்றி சொல்கிறது? பிறந்தநாளுக்கு வந்த பிளேஸ்டேஷன் கிட்டத்தட்ட ஒரு மாதத் தாபரிப்புப் பணத்தின் பெறுமதி. அந்த மாதம் அம்மாவுக்குக் காசு வரவில்லை. சட்டப்படி பரிசு தாபரிப்பாகாது. தன் விருப்பத்துக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு அதைக் கணக்கில் கழிக்க முடியாது. இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். வராத காசைவிட, அந்தக் காசில் ஒருவர் நல்லவராகிவிட்டது.

கனடாவில் தொகையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரு பட்டியல். மத்திய அரசின் வழிகாட்டு விதிகள் 1997 மே 1இல் நடைமுறைக்கு வந்தன. கட்டுபவரின் வரிக்கு முந்திய ஆண்டு வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, மாகாணம் மூன்றையும் பார்த்தால் மாதத் தொகை தெரிந்துவிடும். பல்லுக்குக் கம்பி, பல்கலைக்கழகக் கட்டணம் போன்றவற்றை இதற்கு மேலதிகமாக, இரண்டு பேருடைய வருமான விகிதத்தில் பங்கிடலாம். எஞ்சினியரிங் படித்தவனுக்கு இப்படியான பட்டியல் அழகாகத்தான் தெரியும். உள்ளே போடும் எண் சரியாக இருந்தால்!

அப்பாவின் எண் சரியாக இருக்கவில்லை. அவர் ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை. பாதிச் சம்பளம் செக்காக வரும், மீதி கைக்காசு. எங்கள் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. பேப்பரில் அவர் ஏழை, ஆகவே தீர்ப்பில் எழுதிய தொகையும் சின்னது. உண்மையான வருமானம் இதைவிடக் கூட என்று நம்பினால், நீதிபதி ஒரு தொகையைத் தானே மதிப்பிட்டு அதன்படி கட்டச் சொல்லலாம். ஆனால் அதற்கு அம்மா ஆதாரங்களோடு திரும்பக் கோட்டுக்குப் போகவேண்டும். இரவு வேலை முடிந்து வந்து விடியவே படுக்கிற மனுசி. "கோடு கச்சேரி எண்டு என்னால அலைய ஏலாது" என்று விட்டுவிட்டா.

ஒன்ராறியோவில் இந்தப் பணத்தை வசூலித்துக் கொடுக்கவென்றே பமிலி ரெஸ்பொன்சிபிலிட்டி ஒபிஸ் என்ற அரச அலுவலகம் இருக்கிறது. சம்பளத்திலிருந்தே வெட்டி எடுக்க அதற்கு அதிகாரம் உண்டு. கட்டாதவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தவும் வழி உண்டு. 1,000 டொலருக்கு மேல் லொத்தர் விழுந்தால் அதைக்கூடப் பிடிக்கலாம். (அப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் லொத்தர் வாங்குவார். விழவில்லை.) ஆனால் சம்பளத் துண்டில் இல்லாத காசை யார் வெட்டுவது?

அப்பாவைக் கொடியவராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. ஊரில் இரண்டு தங்கச்சிமார் அவருடைய காசை நம்பி இருந்தார்கள். ஒரு மாமிக்குச் சீதனம், மற்ற மாமிக்கு வீடு திருத்தம். பட்டியல் அதையெல்லாம் பார்க்காது, அவர் பார்த்தார். தங்கச்சிக்கு அனுப்பாவிட்டால் ஊர் முழுக்கக் கதைக்கும். ஸ்காபரோவில் இருக்கிற மகனுக்குக் கட்டாததைப் பற்றி ஒரு கலியாணவீட்டிலும் யாரும் அவரிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. "அந்தாளின்ர காசில சீவிக்கிறா" என்ற கதை மட்டும் அம்மாவைத் தேடி வந்தது.

அந்தக் கதைக்குப் பயந்தே "எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்று கையெழுத்து வைத்துக் கொடுத்த அம்மாமாரை எனக்குத் தெரியும். இங்கேதான் அம்மம்மாவின் சொல் சரியாகப் பொருந்துகிறது. கனடாச் சட்டத்தில் இந்தப் பணம் பிள்ளையின் உரிமை. தாயும் தகப்பனும் தங்களுக்குள் பேசி அதை இல்லாமல் செய்துவிட முடியாது, நீதிபதி அந்த ஒப்பந்தத்தை ஏற்கவேண்டும் என்றும் இல்லை. "காசு தராட்டி பிள்ளையைக் காட்டமாட்டன்" என்பதும் "பிள்ளையைக் காட்டாட்டி காசு இல்லை" என்பதும் கோட்டில் எடுபடாது. இரண்டும் வேறு வேறு விசயம். 2020இல் கனடா உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு வெளிவந்தது. ஒரு தகப்பன் தன் வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருந்தார். தாய் வழக்குப் போட்டபோது மகள் 18ஐத் தாண்டிப் பல வருடம் ஆகிவிட்டது. பிள்ளை வளர்ந்துவிட்டது என்பதற்காகப் பழைய பாக்கி அழிந்துவிடாது என்று சொல்லி, 23,000 டொலர் கட்டவேண்டும் என்ற உத்தரவை நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. அந்தத் தீர்ப்பை வேலையிடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். சாப்பாடு ஆறிவிட்டது.

போன கோடையில் சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தி எனக்கு மெசேஜ் போட்டாள். அவளுக்கு 18 வயதாகப் போகிறது, செப்டெம்பரில் பல்கலைக்கழகம். "அப்பா அடுத்த மாசத்தோட நிப்பாட்டப் போறாராம். நான் அவரோட கதைச்சுப் பாக்கட்டோ அண்ணா?"

18 வயதோடு அது தானாக நின்றுவிடாது, முழுநேரம் படிக்கிற பிள்ளைக்குப் பொதுவாகத் தொடரும் என்று எழுதினேன். நீ கதைக்கப் போகாதே, பல்கலைக்கழகத்தில் பதிந்த கடிதத்தை எடுத்து அம்மாவிடம் கொடு, மிச்சம் அவர்கள் இரண்டு பேருடைய வேலை என்றும் எழுதினேன். கொடுத்திருக்கிறாள். அன்று பின்னேரமே தகப்பன் கோல் எடுத்தாராம், முதல்தரமாக நேரே தாயின் போனுக்கு. இரண்டு பேரும் அரை மணித்தியாலம் சண்டை பிடித்தார்களாம். தான் மேலே அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு நெட்பிளிக்ஸ் பார்த்ததாக எழுதியிருந்தாள்.