பண்ணைப்புரத்துச் சாலையில் சில தலைமுடிச் சிந்தனைகள்

உத்தமபாளையத்தில் பேருந்து ஏறி, கோம்பை வழியாகத் தேவாரம் நோக்கிச் சென்றால், மேற்கே மலைத்தொடர் உடன்வரப் பண்ணைப்புரத்தை அடைவீர்கள். இசையமைப்பாளர் இளையராஜா 1943-இல் பிறந்த ஊர் இது. தமையனார் பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளில் பாட, தம்பியர் இசைக்கருவிகளுடன் உடன் சென்றனர். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது; இவ்வூரார் இசை இலங்கை வானொலி வழியே இவ்வூருக்கே திரும்பி வந்தது.

அதே காலத்தில் நகரத்து இளைஞரின் கோலமும் மலையடிவாரம் வரை வந்து சேர்ந்தது. மேனாட்டு ஹிப்பிகளிடமிருந்தும் இசைக்குழுக்களிடமிருந்தும் கிளம்பிய கோலம் அது. 1979-இல் வெளிவந்த 'நினைத்தாலே இனிக்கும்' படமே ஓர் இசைக்குழுவின் கதைதான். முழங்காலில் இறுகிப் பாதத்தில் விரியும் பெல்பாட்டம். தரையில் உரசித் தேயாதிருக்க அடியோரத்தில் ஜிப் வைத்துத் தைத்தவர்களும் உண்டு. அகன்ற காலர், நீண்ட கிருதா, காதை மூடிப் படிப்படியாக இறங்கும் 'ஸ்டெப் கட்டிங்'. (அந்தத் தலைமுறையைத் தம் இசையால் ஆட்கொண்டவரோ, பிற்காலத்தில் வெள்ளை வேட்டி ஜிப்பாவுக்கு மாறிவிட்டார்!)

கம்பம் பள்ளத்தாக்கின் ராவுத்தர் குடும்பங்களில் அந்நாளைய திருமண நிழற்படங்களைப் புரட்டிப் பாருங்கள். தொப்பிக்குக் கீழே காதை மூடிய முடி தெரியும். 'ஹிப்பித் தலை' என்று பெரியவர்கள் ஏசினார்கள். ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுடி காதுமடல் வரையிலும், சில வேளை தோள் வரையிலும் இருந்ததாக ஹதீஸ்கள் கூறுகின்றன. நீளம் குற்றமன்று. கணுக்காலுக்குக் கீழே தெருப்புழுதியைக் கூட்டிய காற்சட்டையைப் பற்றியன்றோ பேசியிருக்க வேண்டும்? ஏச்செல்லாம் முடியின் மீதே விழுந்தது.

இன்றைய நிலை நேர்மாறானது. வடசென்னைக் கானாப் பாடல்களோடு 2019 வாக்கில் பரவிய பெயர் 'புள்ளிங்கோ'; 'பிள்ளைகள்' என்பதன் சென்னைப் பேச்சு வடிவம். பக்கங்களை ஒட்ட மழித்து, உச்சியில் மட்டும் அடர்த்தியாக விட்டு, செம்பட்டைச் சாயம் பூசுகின்றனர். இறுகிய ஜீன்ஸ் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. அந்த அளவில் நமக்கு முறையீடு இல்லை! பெல்பாட்டம் திரைப்படத்தோடு மெல்ல வந்தது. இது கைபேசியில் ஒரே நாளில் வந்துவிட்டது. பாக்ஸ் கட்டிங் வெட்டிவிடாதீர்கள் என்று பள்ளித் தலைமையாசிரியர்கள் முடிதிருத்துவோரிடம் வேண்டிக்கொண்ட செய்திகளை நாளேடுகளில் படித்திருப்பீர்கள்.

தலையின் ஒரு பகுதியை மழித்து மறுபகுதியை விட்டுவிடும் 'கஸஉ' எனும் முறையை நபியவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியுள்ளது. எனவே இங்கே மார்க்கத்தில் பேச இடமுண்டு. எனினும் அறிஞர் பெருமக்கள் இதை மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது என்ற அளவிலேயே வைத்தனர். மழித்தல் வேறு, கத்தரியால் குறைத்தல் வேறு என்பதையும் மறத்தலாகாது.

இந்த நுணுக்கத்தை யார் அந்தப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்கிறார்கள்? ஜும்ஆவில் நாலு பேர் முன்னிலையில் தலையைக் காட்டி ஏசப்பட்ட பையன், அடுத்த வெள்ளி வருவதில்லை. வராதவனிடம் எந்த ஹதீஸைச் சொல்வது?

மதரஸாவில் இத்தகைய தலையோடு வருபவனை நான் வகுப்பு முடிந்த பின் தனியே அழைக்கிறேன். இப்னு உமர் அறிவிப்பை அவனையே வாசிக்கச் செய்கிறேன். அடுத்த முறை சவரக்கத்தி வைக்காமல் கத்தரியால் மட்டும் பக்கங்களைக் குறைக்கும்படி சலூனில் சொல்லச் சொல்கிறேன். பெரும்பாலோர் கேட்டுக்கொள்கிறார்கள். உச்சி முடியை மட்டும் எவனும் விட்டுக்கொடுப்பதில்லை.