நாற்பது நாள் நடந்த பாதை

ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குச் செல்லும் மலைச்சாலை 400 கிலோமீட்டருக்குச் சற்று மிகும். சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதத் தொடக்கத்தில், நமது பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவரோடு நாம் அவ்வழியே சென்றோம். கார்கிலில் ஓரிரவு தங்கி, மறுநாள் மாலை லே சேர்ந்தோம். இரண்டு நாள் வண்டியில் அமர்ந்திருந்ததற்கே முதுகு நொந்து முனகிய நமக்கு, இதே மலைகளை நாற்பது நாள் கால்நடையாகக் கடந்த ஓர் இளங்குருவின் நினைவு வழி நெடுகத் துணையாக இருந்தது. சில வேளைகளில் கண்டனமாகவும் இருந்தது.

அவர் பெயர் இப்போலித்தோ தெசிதேரி. இத்தாலியிலுள்ள பிஸ்தோயா நகரில் 1684-இல் பிறந்தவர். இயேசு சபைக் குரு. திபெத்து நாட்டில் மறைபரப்ப வேண்டுமென்னும் வேட்கையோடு 1713-இல் கோவாவில் வந்திறங்கினார். வட நாட்டில் மனுவேல் ஃபிரெய்ரே என்னும் போர்த்துக்கேயக் குரு அவரோடு சேர்ந்தார். பயணத்துக்குத் தலைவர் ஃபிரெய்ரேயே. இருவரும் 1714 நவம்பரில் ஸ்ரீநகரை அடைந்தபோது பனி மலைவழியை அடைத்துவிட்டது. ஆறு மாதம் அங்கே காத்துக் கிடந்தனர். அக்காலத்தில் தெசிதேரி கொடிய வயிற்றுநோய்க்கு ஆளாகி, பிழைப்பாரோ மாட்டாரோ என்னும் நிலைக்குப் போய்த் தேறினார். 1715 மே மாதம் மலையேறப் புறப்பட்டபோது அவருக்கு வயது முப்பது.

சோனாமார்க் வரையில் புல்வெளியும் ஊசியிலைக் காடுகளும் கண்ணுக்கு விருந்து. அதற்கப்பால் சோஜிலா கணவாய். உயரம் 3,500 மீட்டருக்குச் சற்று மேல். அதே சாலையில் பின்னர் வரும் ஃபோட்டு லா கணவாய் 4,108 மீட்டர் உயரமாயினும், ஏறுவோர் நெஞ்சை நடுக்குவது சோஜிலாவே. காஷ்மீரப் பக்கத்து ஈரக்காற்று தன் பாரத்தையெல்லாம் அங்கேதான் பனியாக இறக்கிவைக்கிறது, சரிவோ செங்குத்து. நாம் சென்றபோது சேறாகிக் கிடந்த பாதையின் ஒருபுறம் வெட்டிய பனிச் சுவர், மறுபுறம் பாதாளம். எதிரே இராணுவ லாரிகள் வரிசையாக வந்தபோது நமது வண்டி விளிம்பை ஒட்டி ஒதுங்கி நின்றது. நாம் செபமாலையை எடுத்துக் கண்களை மூடிக்கொண்டோம். இளைஞரோ தலையை வெளியே நீட்டிப் பள்ளத்தாக்கைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார்.

தெசிதேரியின் காலத்தில் இவ்வழியில் குதிரையேறிச் செல்லவும் இயலாது. ஓரடிக்குப் பின் ஓரடியாக வைத்துத்தான் செல்லவேண்டிய ஒற்றையடிப்பாதை. மூட்டைகளைக் கூலியாட்கள் முதுகில் சுமந்தனர். பனிமீது பட்டுத் திரும்பிய வெயில் கண்களை வாட்டியது. படுக்கை வெறுந்தரை, சில இரவுகளில் அதன்மேலும் பனி. உணவு பெரும்பாலும் வறுத்த வாற்கோதுமை மாவு. (குருமடத்தில் காலை உப்புமாவைப் பற்றி அதிபரிடம் முறையிட்டவர் நாம், இதை எழுதக் கூச்சமாகவே இருக்கிறது.) கணவாயைக் கடந்தபின் பச்சை என்பதே மறைந்து, மலைகளெல்லாம் மழை காணாத மண்ணும் கல்லுமாக நிற்கின்றன. அங்கே ஆறுகளைக் கடக்க, வில்லோ மரச் சுள்ளிகளை முறுக்கித் திரித்த கயிறுகளே பாலம். அடிவைக்கும்தோறும் அது ஊஞ்சலாடும். கீழே உருகிய பனியின் வெள்ளம்.

ஜூன் இறுதியில் லே வந்தடைந்தனர். லடாக் மன்னர் அவர்களை அன்போடு வரவேற்றார். இங்கேயே தங்கி மறைப்பணி தொடங்கலாம் என்று தெசிதேரி விரும்பினார். ஆனால் ஃபிரெய்ரேயின் உள்ளத்தை வேறோர் எண்ணம் அரித்தது: வந்த மலைகளை மீண்டும் தாண்டித் திரும்புவதா? அவர் அஞ்சினார். இந்தியாவுக்கு வேறு வழி உண்டா என்று விசாரித்து, லாசா வழியாகச் செல்லலாம் என்று அறிந்து, அவ்வழியே செல்ல முடிவு செய்தார். தெசிதேரி கீழ்ப்படிந்தார்.

மலைக்கு அஞ்சியவர் தேர்ந்த மாற்றுவழியோ, நடுக்குளிர்காலத்தில் திபெத்துப் பீடபூமியைக் குறுக்கே கடப்பது! ஏழு மாதப் பயணம். மேற்குத் திபெத்தின் ஆட்சிப் பொறுப்பிலிருந்து லாசாவுக்குத் திரும்பிய மங்கோலியப் பெருமாட்டி ஒருவர் தமது பரிவாரத்தோடு அவர்களைச் சேர்த்துக்கொண்டிராவிடில் இருவரும் மாண்டேயிருப்பர். ஓரிரவு ஃபிரெய்ரேயின் குதிரை பனியில் விழுந்துவிட, அவர் பின்தங்கிப்போனார். அப்பெருமாட்டி ஆளனுப்பித் தேடி மீட்டார். 1716 மார்ச் 18-இல் லாசா அடைந்தனர். சில வாரங்களில் ஃபிரெய்ரே நேபாள வழியாக இந்தியா திரும்பினார். தனித்து நின்ற தெசிதேரி ஐந்தாண்டுகள் திபெத்தில் வாழ்ந்து, அவர்களுடைய மடங்களில் பயின்று, அவர்கள் மொழியிலேயே நூல்கள் எழுதினார். அம்மறைப்பணித் தளம் கப்புச்சின் சபையாருக்கு உரியதென உரோமை முடிவு செய்ததும், 1721-இல் சொற்கேட்டு வெளியேறினார்.

லே நகர விடுதியில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது இளைஞர் கேட்டார்: “அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார், சாமி?”

“நம் பக்கம்தான் வந்தார். புதுச்சேரியில் தமிழ் படித்து மறைப்பணி செய்தார். 1727 ஜனவரியில் அங்கிருந்து கப்பலேறினார். ஓரியூரில் இரத்தம் சிந்திய அருளானந்தரைப் புனிதராக உயர்த்தும் முயற்சிக்காக உரோமையில் உழைத்தவர்களுள் இவரும் ஒருவர்.”

இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “வந்த வழியே திரும்பலாமா, சாமி? சோஜிலாவை இந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாமே” என்றார்.

அன்று காலையிலேயே டில்லிக்கு விமானச் சீட்டுக்குச் சொல்லி வைத்திருந்தோம். அதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. ஆயினும், “சரி, சாமி” என்றார். ஃபிரெய்ரேயைக் குறைகூற அதன்பின் நமக்கு வாய் எழவில்லை.

விமானத்தில் சன்னலோர இருக்கையை அவருக்கு விட்டுக்கொடுத்தோம். கீழே மலைமுகடுகளை அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.