ரிச்சி ஸ்ட்ரீட்டில் நீல அம்மா!

சனிக்கிழமை காலை அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்தபோது பர்ஸில் 700 ரூபாய். மனசு முழுக்க திங்கட்கிழமை பயம்!

விஷயம் இதுதான் மக்களே... இன்டர்ன்ஷிப் போன இடத்தில் ஒரு குட்டி டிஸ்ப்ளேவைக் கையில் கொடுத்து, 'லினக்ஸ் கெர்னல்ல இதுக்கு டிரைவர் எழுதுப்பா' என்றார்கள். நான் ஒயரை மாற்றிச் சொருகி, அதுக்குச் சங்கு ஊதிவிட்டேன். அதே மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சுட்டா யாருக்கும் தெரியாது என்பதுதான் பிளான்.

ரிச்சி ஸ்ட்ரீட்னு பேர்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்து சந்தாக நீளும். சோல்டரிங் புகை வாசம், 'என்ன தம்பி வேணும்?' குரல்கள், மூட்டை மூட்டையாகப் பழைய போர்டுகள்...

நாலு கடை ஏறி இறங்கி, அதே 2.4 இன்ச் திரையைப் பிடித்தேன். கையோடு கொண்டுபோன ராஸ்பெர்ரி பையில் மாட்டினால்... ஒரே வெள்ளை! 'டூப்ளிகேட்டைக் குடுத்துட்டீங்கண்ணே' என்று சண்டைக்கே போய்விட்டேன்.

எதிர் சர்வீஸ் கடைப் பெரியவர் கூப்பிட்டார். 'வெள்ளையா இருந்தா பின்னாடி லைட்டு எரியுது, உள்ள யாரும் பேசலைன்னு அர்த்தம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஐசி வேறயா இருக்கும். அதுகிட்டயே பேரைக் கேளு தம்பி!'

கேட்டேன். டி3 என்ற கட்டளைக்கு 93, 41 என்று பதில் வந்தது. அட, ஐஎல்ஐ9341! நான் எழுதியிருந்ததோ எஸ்டி7789-க்கு. மதுரை பஸ்ஸில் ஏறி திருப்பதி டிக்கெட் கேட்ட கதை. கடைக்கார அண்ணனிடம் 'ஸாரிண்ணே' சொல்லிவிட்டு, பெரியவர் கடை ஸ்டூலிலேயே லேப்டாப்பைத் திறந்தேன்.

குட்டித் திரைக்கு டிரைவர் என்றால், அதைத் தூக்கத்திலிருந்து எழுப்பணும். 100 மில்லி செகண்ட் பொறுக்கணும். எது தலை, கலர் என்ன வரிசைன்னு சொல்லணும். அப்புறம் 240-க்கு 320... மொத்தம் 76,800 புள்ளிகளை ஊட்டணும். இந்த மாதிரி திரைகளுக்கென்றே 2017-ல் லினக்ஸ் 4.12-ல் தனி இடம் ஒதுக்கினார்கள். 9341-க்கான டிரைவரும் பின்னால் வந்தது. முகம் தெரியாத யாரோ எழுதி, எல்லோரும் படிக்கத் திறந்து வைத்தது. அதைப் பார்த்துப் பார்த்து என் கோடைத் திருத்தினேன்.

மதியம் படம் வந்தது. அம்மா போட்டோ... முகம் மட்டும் நீலம்! சிவப்பும் நீலமும் இடம் மாறியிருந்தன. ஒரே ஒரு பிட்டை மாற்றினேன். அம்மா பழையபடி சிரித்தார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. பெரியவர் காசு வாங்கவில்லை. 'எனக்கும் ஒருத்தர் சும்மாதான்பா சொல்லிக் குடுத்தாரு' என்று டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

அதுக்கப்புறம் மறைக்க மனசு வரலை. திங்கட்கிழமை கருகின திரை, புதுத் திரை ரெண்டையும் மேஜையில் வைத்து உண்மையைச் சொன்னேன். மேனேஜர் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், 'சரி, ரெண்டு ஐசிக்கும் எழுதிடு' என்றார்.

இப்போ எழுதிக்கிட்டு இருக்கேன். நீங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனா, ஐசி பேரைக் கேட்டுட்டு பர்ஸை எடுங்க பாஸ்!