கயிற்றின் மறுமுனையில் யார்?



வளைகுடாவில் தொழில் செய்யும் நம்மூர்ப் பொடியன்மார் சிலர் இன்பொக்ஸில் கேட்டிருந்தார்கள்: "சேர், ராஸ் அல் கைமாவில மலையேறுற இடம் எது? யாரோட போகலாம்? கொஞ்சம் செல்லுங்க." தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட இங்கே எழுதினால் வீட்டாரும் வாசிப்பார்கள் என்று நினைத்தோம். நாங்கள் என்பது அங்கே ஒரே அறையில் இருந்த நான்கு பேர். இரண்டு ஆசிரியர்கள், ஒரு கணக்காளர், ஒரு ஏசி மெக்கானிக். நால்வரும் கிழக்கு மாகாணம்.

முதலில் இடம். அதைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை. ராஸ் அல் கைமா நகரத்துக்குப் பின்னாலேயே ஹஜர் மலைத்தொடர் நிற்கிறது. ஜெபல் ஜைஸ் பக்கம் 1,900 மீற்றருக்கு மேல் போகிறது. நம்முடைய பிதுருதலாகலையை விட உயரம் குறைவுதான், ஆனால் மரம் மட்டையில்லாத மொட்டை மலை. வாதி பிஹ் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல் சுவர்கள். நம்மூர்ப் பாறைகள் போல அவை வழுவழுப்பாக இருக்காது. விளிம்பு கத்தி மாதிரி வெட்டும். பிடித்த கல்லே சில நேரம் கையோடு கழன்று வரும். தலைக்கவசம் இல்லாமல் கீழே நிற்கவும் கூடாது.

நவம்பர் முதல் மார்ச் வரைதான் ஏறுகிற காலம். ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை பகல் 12.30இலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கவே அங்கே சட்டம் தடுக்கிறது. அந்த வெயிலில் பாறையைத் தொடுவது பற்றிச் சொல்லத் தேவையில்லை. மழை இருட்டினால் பள்ளத்தாக்குக்குள் போகவே வேண்டாம். மேலே பெய்த மழை, காய்ந்து கிடக்கும் வாதிக்குள் சொல்லாமல் வரும். வெள்ளம் ஓடும் வாதிக்குள் வாகனத்தை இறக்கினால் 2,000 திர்ஹம் தண்டம், வாகனமும் 60 நாள் தடுப்பில். 2023இல் கொண்டு வந்த விதி இது. வாதி பிஹ் ஓமானின் முஸந்தம் பக்கம் நீளுகிறது என்பதால் எல்லைச் சாவடியும் உண்டு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும், அனுமதியில்லாமல் எல்லை தாண்ட வேண்டாம்.

அந்த மலை ஷிஹூ கோத்திரத்தாரின் மலை. கல்வீடும் படிக்கட்டு வயலும் அவர்களுடைய பரம்பரைச் சொத்து. ஸலாம் சொல்லி, கேட்டுவிட்டு ஏறுங்கள். வீட்டுப் பக்கம் வாகனம் நிறுத்தாதீர்கள்.

இனி முக்கியமானது: ஆள்.

வெளிநாடு போனதும் நாம் எல்லாவற்றையும் ஊரை வைத்துத்தான் தேடுகிறோம். அறை ஊர்க்காரர் மூலம், கைமாற்று ஊர்க்காரரிடம், வருத்தம் வந்தால் கஞ்சி தருவதும் ஊர்க்காரர். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டோம். எங்களுக்கும் அப்படி ஒரு காக்கா இருந்தார். கார் வைத்திருந்தார். எங்களில் ஒருவருக்கு வேலை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். பாறைக்குப் போக எங்களுக்கு இருந்த ஒரே வாகனம் அவருடையது.

டுபாயில் உள்ளக ஏறுசுவர் ஒன்றில் பழகிக்கொண்டிருந்தோம். மெக்கானிக் தம்பி ஏறினார், காக்கா கீழே கயிறு பிடித்தார். ஒரு கையில் கயிறு, மறு கையில் போன், வீடியோ ஓடுகிறது. தம்பியின் கால் வழுக்கியது. கயிறு ஓடி, அவர் தரையில் மோதப் போன நேரம், பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். அல்ஹம்துலில்லாஹ், காயமில்லை. ஆனால் அந்தத் தம்பியின் சம்பளத்தில்தான் ஊரில் ஐந்து பேர் சாப்பிடுகிறார்கள். கை முறிந்தால் வேலை போகும், வேலை போனால் விசா போகும்.

அன்றிரவு அறையில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. காக்காவிடம் யார் சொல்வது? சொன்னால் கார் இல்லை, உறவும் இருக்காது. கடைசியில் நால்வரும் சேர்ந்தே போய்ச் சொன்னோம். "இவ்வளவு நாளும் கார்ல ஏத்தினவன் நான், இப்ப ஒரு பிலிப்பைன்ஸ்காரன் பெருசாப் போயிட்டான்" என்றார். இரண்டு மாதம் எங்கள் அறைப் பக்கம் வரவில்லை.

அந்தப் பிலிப்பைன்ஸ்காரர் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர். கார் இல்லை. மொழியும் அரைகுறை ஆங்கிலம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் எங்கள் முடிச்சைத் தொட்டுப் பார்ப்பார், தன் முடிச்சையும் எங்களைப் பார்க்கச் சொல்வார். பிரேக் கை கயிற்றை விட்டதை நாங்கள் ஒருநாளும் காணவில்லை. அவரோடு பஸ்ஸிலும் வாடகை வாகனத்திலும் காசு பங்கு போட்டுப் போனோம். லுஹருக்கு நாங்கள் பாறை நிழலில் தொழும்போது அவர் கயிற்றைச் சுருட்டி வைப்பார்.

அமானிதம் என்று பிள்ளைகளுக்கு வகுப்பில் படிப்பிக்கிறோம். பணம், பொருள், இரகசியம் என்று உதாரணமும் சொல்கிறோம். இன்னொருவனுடைய உயிர் பத்து மில்லிமீற்றர் கயிற்றில் நம் கைக்கு வருவதும் அமானிதம்தான். அதைக் காப்பவர் எந்த ஊர், எந்த மார்க்கம் என்பது அந்த நேரத்துக்கு உதவாது.

ஆகவே தம்பிமாரே, ஆள் தேடுவது இப்படி:

முதலில் உள்ளக ஏறுசுவருக்குப் போங்கள். பெரிய நகரங்களில் இருக்கிறது. அபுதாபி யாஸ் தீவில் 43 மீற்றர் உயரச் சுவரே உண்டு. நீங்கள் ஏறுவதற்கு முன் மற்றவர்கள் கயிறு பிடிப்பதைப் பாருங்கள். பேச்சுக்குள் கண் போகிறவரை விட்டுவிடுங்கள்.

உங்கள் லீவு நாளுக்கு ஒத்தவரைத் தேடுங்கள். 2022 முதல் அங்கே அரச விடுமுறை சனி, ஞாயிறு. நம்மவர்களில் பலருக்குக் கிழமைக்கு ஒரு நாள்தான்.

முடிச்சைப் பார்க்கட்டுமா என்று கேட்டால் கோபப்படுகிறவரோடு பாறைக்குப் போகாதீர்கள். "இன்றைக்கு வேண்டாம், திரும்புவோம்" என்று சொல்லத் தெரிந்தவரைக் கைவிடாதீர்கள்.

வேலைத்தளத்துக் கயிற்றைக் கொண்டு போகவே வேண்டாம். ஏறுகிற கயிறு விழும்போது நீளும், அதிர்வைத் தானே வாங்கும். மற்றக் கயிறு அதிர்வை உங்கள் முதுகெலும்புக்குக் கொடுக்கும். கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சுப் போடுங்கள். இறக்கும்போது நுனி கையை விட்டு ஓடாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

காக்காவின் கதையையும் சொல்லிவிடுகிறோம். நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு நாள் ஏறுசுவருக்கு வந்தார். முறையாகப் பயிற்சி எடுத்திருந்தார். போனை எங்கள் பையில் போட்டுவிட்டுக் கயிற்றை எடுத்தார். மூவர் அவர் பிடிக்க ஏறினோம். மெக்கானிக் தம்பி ஏறவில்லை. அவரை யாரும் வற்புறுத்தவில்லை, காக்காவும் கேட்கவில்லை. இறங்கிய பின் எல்லோரும் ஒன்றாகத்தான் தேநீர் குடித்தோம்.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும் உம்மா வாப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். மகன் மலைக்குப் போகிறேன் என்றால் உடனே ஏசாதீர்கள். அறையும் வேலையும் தவிர அவர்களுக்கு அங்கே வேறு ஒன்றும் இல்லை. யார் கயிறு பிடிக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். பெயர் சொல்லத் தடுமாறினால் அப்போது ஏசுங்கள்.

அல்லாஹ் எல்லோரையும் பாதுகாப்பானாக.